இரண்டாவது பெயர்

நான் இலங்கை மலையகத்தில், லிந்துலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் வாழும் ஓய்வுபெற்ற ஆசிரியர். பொலிஸுக்குச் சிங்களத்தில் முறைப்பாடு எழுத வேண்டுமென்றால் லயத்து வரிசை வீடுகளில் குடியிருக்கும் தொழிலாளர்கள் என்னிடம்தான் வருவார்கள்.

சென்ற வருடம் கொழுந்து பறிக்கும் மலர் வந்தாள். கலியாணம் வேண்டாமென்று அவள் விலகியதற்காக, அவளைக் கட்டிக்கொள்ள இருந்த ரவி அவளுடைய அந்தரங்கப் படத்தை நண்பர்களுக்கு அனுப்பியிருந்தான். அவன் முகத்தில் தோட்டமே காறித் துப்ப வேண்டும் என்று எனக்கு வெறி வந்தது.

"பொலிஸ் எதுக்கும்மா? கோயில் கமிட்டியில வச்சு அவன் மானத்த வாங்கிருவோம். ஆதாரத்துக்கு அந்தப் படத்த எனக்கு அனுப்பு" என்றேன்.

அனுப்பினாள். அவளைக் கேட்காமலே அதைக் கமிட்டியார் ஏழு பேருக்கும் அனுப்பினேன்.

கமிட்டி கூடியது. ரவி எல்லோர் காலிலும் விழுந்து எழுந்து, வீட்டுக்குப் போய்விட்டான். படமோ அந்த ஏழு பேரிடமிருந்து எல்லா லயத்துக்கும் போயிருந்தது. மலரைக் கண்டால் ஆண்கள் சிரித்தார்கள்.

மறுவாரம் வந்து, என் முன்னே வெள்ளைத்தாளை வைத்தாள்.

"எழுதுங்க சார். மொதப் பேரு ரவி."

எழுதினேன்.

"ரெண்டாவது உங்க பேரு."

"நான் ஒனக்காகத்தானேம்மா செஞ்சேன்?"

"அவன் பகைக்கு அனுப்புனான். நீங்க என்னைய ஒரு வார்த்த கேட்டீங்களா? சம்மதமில்லாம யாரு அனுப்புனாலும் குத்தம்னு டவுன்ல நான் போய்ப் பாத்த லோயரம்மா சொல்லிட்டாங்க. ரெண்டு பேரையும் கோட்டுல ஏத்தாம விடமாட்டேன்."

என் முழுப்பெயரையும் எழுதினேன். அவளுக்குச் சிங்களம் வாசிக்கத் தெரியாதுதான்; இருந்தும் நான் எதையும் மாற்றி எழுதவில்லை. கைத்தொலைபேசியை எடுத்தாள்.

"இந்தத் தாள படம் புடிச்சு லோயரம்மாவுக்கு அனுப்பட்டுமா சார்?"

நான் தலையசைக்கும்வரை காத்திருந்தாள். நான் அவளிடம் கேட்டிருக்க வேண்டியதும் அவ்வளவுதான்.