இடது கண்ணுக்கு ஒரு துவக்கு

இங்கே ஜேர்மனியில், ஊன்ட்றொப் அம்மன் கோயில் திருவிழாவில் யாராவது என்ன வேலை செய்கிறீர்கள் என்று கேட்டால், "மரவேலை" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவேன். அது பொய் இல்லை. தச்சுத் தொழிலில் அவுஸ்பில்டுங் என்கிற தொழிற்பயிற்சி முடித்தவள் நான். ஹம் நகரத்துக்கு வெளியே இருந்த தளபாடத் தொழிற்சாலை ஒன்றில் பல வருடங்கள் அலுமாரிக் கதவுகள் செய்தேன். அது மூடப்பட்டபோது எனக்கு நாற்பது தாண்டியிருந்தது. எழுதிப்போட்ட இடங்களில் ஒன்றிலிருந்து மட்டும்தான் கூப்பிட்டார்கள். வேட்டைக்காரர்களுக்கு அவரவர் உடம்புக்கு அளவாகத் துவக்கு செய்து கொடுக்கும் ஒரு சின்னப் பட்டறை அது.

செய்தியைச் சொன்னபோது கணவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"வேற வேலையே கிடைக்கேல்லையே உமக்கு?"

"மரம் மட்டும்தானப்பா. இரும்பில நான் கை வைக்கமாட்டன். வேட்டைக்காரருக்குச் செய்யிறது."

"வேட்டைக்கெண்டாலும் துவக்கு துவக்குத்தான்."

ஊரில் யுத்தத்தைக் கண்டு வந்ததால், வருடப் பிறப்புக்கு இங்கே வெடி கொளுத்தும்போது ஜன்னல் ஷட்டர்களை இறக்கிவிட்டு உள்ளறையில் போய் இருப்பவர் அவர். எனக்கும் பயம் இல்லாமல் இல்லை. ஆனால் வீட்டில் சும்மா இருந்து இன்னொரு தொழிற்சாலைக்காகக் காத்திருப்பதற்கு எனக்குத் தெம்பு இருக்கவில்லை.

பட்டறையின் முதலாளி என் வயதுப் பெண். குழல், பூட்டு, விசை என்று இரும்பு வேலை முழுவதும் அவருடையது. எனக்கு முன்பு மரவேலை பார்த்தவர் முதுகு நோவால் வேலையை விட்டுத் தெற்கே மகளோடு போய்விட்டார். அவரை நான் கண்டதேயில்லை.

"உங்களுக்குச் சொல்லித்தர எனக்குத் தெரியாது" என்று முதலாளி முதல் நாளே சொல்லிவிட்டார். "பழைய துவக்குகள் திருத்த வரும். மரத்தைக் கழற்றி உள்ளே பாருங்கள். அதைவிட வேறு வழி இல்லை."

அப்படித்தான் படித்தேன். வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. எண்ணெய் பூசி, மினுக்கி, எல்லாத் தடயத்தையும் அழித்திருப்பார்கள். இரும்பைக் கழற்றியதும் உள்ளே அதைச் செய்தவரின் உளித் தடங்கள் அப்படியே கிடக்கும். ஒருவர் மர இழையின் போக்கோடு மட்டும் வெட்டியிருப்பார். இன்னொருவர் மூலைகளை வேண்டுமென்றே சிறிது வட்டமாக விட்டிருப்பார். கூர் மூலையில்தான் வெடிப்பு தொடங்கும் என்பது எனக்குப் பிறகுதான் விளங்கியது. இரும்பில் விளக்குக் கரி பூசி மரத்தில் வைத்து எடுத்தால், முட்டும் இடத்தில் கரி ஒட்டியிருக்கும். அதை மட்டும் சுரண்டவேண்டும். பிறகு மறுபடி பூசி, மறுபடி வைத்து, மறுபடி சுரண்டவேண்டும். பொழுது சாய்ந்தாலும் ஒரு துளி இடம்தான் பொருந்தியிருக்கும். வால்நட் மரத்தின் தூள் கையைக் கறுப்பாக்கும், மூக்கை அரிக்கும். மணிக்கட்டு வீங்கி, ரயிலில் கைப்பிடியைப் பிடிக்க ஏலாமல் கதவோடு சாய்ந்து நின்று வீட்டுக்கு வருவேன். ஹம் ஸ்டேசனில் இறங்கும்போது கால்கள் என்னுடையவை போலவே இருக்காது.

அப்படிச் சில வருடங்கள் போனபிறகு அந்த வன அதிகாரி வந்தார்.

உயரமான, அதிகம் பேசாத மனிதர். காட்டில் ஒரு கிளை முகத்தில் அடித்து வலது கண் பார்வை போயிருந்தது. இடது கண்ணால் குறி பார்க்கவேண்டும் என்றால் துவக்கை இடது தோளில் வைக்கவேண்டும். ஆனால் அவருடைய இடது தோள் முன்பொருமுறை முறிந்து, ஒழுங்காகப் பொருந்தாத தோள். பாரம் தாங்காது.

"எனக்கு ஒரு முடவன் மரம் வேண்டும்" என்றார்.

டொச்சு மொழியில் அந்த வகை மரப்பிடிக்கு அதுதான் பெயர். பிடியை வலது தோளில் வைத்தால், மரம் பக்கவாட்டில் வளைந்து போய்க் குழலை இடது கண்ணுக்கு முன்னால் கொண்டுவந்து நிறுத்தும். பெயரைக் கேட்டு நான் தலை குனிந்துவிட்டேன். அந்தச் சொல்லால் கூப்பிடப்பட்டவர்களை எனக்கு எங்கள் ஊரிலும் தெரியும். அவர் அதைக் கவனித்துவிட்டார்.

"சொல்லுக்காகக் கவலைப்படாதீர்கள். எனக்குக் காட்டுக்குப் போகவேண்டும், அவ்வளவுதான்."

முதலாளி என்னைப் பார்த்தார். நான் செய்கிறேன் என்று சொல்லிவிட்டேன். ஏன் சொன்னேன் என்று இன்றுவரை தெரியாது.

நல்ல தடித்த வால்நட் பலகை ஒன்றை எடுத்து வளைவை வெட்டினேன். குளிர்காலம் முழுவதும் அதோடு போனது. கழுத்துப் பகுதி மெலிந்து, வளைவு அழகாகத் திரும்பி, பார்க்க நன்றாகத்தான் இருந்தது. கடைசியில் இரும்பைப் பொருத்தித் திருகை இறுக்கியபோது ஒரு சின்னச் சத்தம் கேட்டது. வளைவுக்குக் குறுக்கே தலைமயிர் போல ஒரு கோடு. நான் திருகைத் தளர்த்தினேன். கோடு போகவில்லை. கையால் லேசாக அழுத்தினேன், மரம் இரண்டாகிவிட்டது.

நான் அழவில்லை. வாங்கில் இருந்துகொண்டு நெடுநேரம் அதைப் பார்த்தேன். முதலாளி கோப்பி கொண்டுவந்து பக்கத்தில் வைத்தார்.

"எனக்கு ஏலாது" என்று தமிழிலேயே சொல்லிவிட்டேன். அவருக்கு அது விளங்கியது.

வீட்டில் கணவர் என் முகத்தைப் பார்த்துவிட்டுத் தேத்தண்ணி போட்டுத் தந்தார். "விடுமன், வேற ஆரும் செய்யட்டும்" என்றார். வேறு யாரும் இல்லை என்று சொல்லக்கூட எனக்குக் களைப்பாக இருந்தது.

ஒரு வாரம் கழித்து முதலாளி என்னைக் காரில் ஏற்றிக்கொண்டு போனார். மலைப்பக்கத்துச் சிற்றூர் ஒன்றில் வேட்டைக்காரர் சங்கத்தின் வீடு இருந்தது. அங்கே கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு பழைய துவக்கு. அதன் மரம், நான் உடைத்ததைப் போலவே, பக்கவாட்டில் வளைந்திருந்தது. செய்தவர் யாரென்று அங்கே யாருக்கும் தெரியவில்லை. அந்த வீட்டின் பராமரிப்புக்காரர் பெட்டியைத் திறந்து, மேசையில் ஒரு துணி விரித்து, அதை என் முன் வைத்தார்.

முதலில் கண்ணால் பார்த்தேன். பிறகு கண்ணை மூடி விரலால் தடவினேன். நான் ஓர் இடத்தில் சடாரென்று வளைத்திருந்தேன். இவர் அந்த வளைவை வெகு முன்னாலேயே தொடங்கி மெல்ல மெல்லக் கொண்டுபோயிருந்தார். ஆனால் விசயம் அது இல்லை. ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பியபோதுதான் கண்டேன். மரத்தின் இழையே வளைந்து போயிருந்தது. அவர் நேர்ப்பலகையை வளைவாக வெட்டவில்லை. கிளை அடிமரத்தோடு சேரும் இடத்தில், மரம் தானாக வளைந்து வளர்ந்த துண்டை எடுத்திருந்தார். என்னுடையதில் வளைவுக்குக் குறுக்கே இழை அறுந்திருந்தது. உடையாமல் இருந்திருந்தால்தான் ஆச்சரியம்.

"இது தெரியாமல் ஒரு குளிர்காலத்தை வீணாக்கிவிட்டேன்" என்றேன்.

"எனக்கும்தான் தெரியாது" என்றார் முதலாளி. பராமரிப்புக்காரர் மட்டும் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துச் சிரித்தார்.

வளைந்து வளர்ந்த வால்நட் எந்த மரக்கடையிலும் இல்லை. வெட்டியதும் பாவிக்கவும் முடியாது, வருடக்கணக்கில் காயவேண்டும். கடைசியில் ஒரு பழத்தோட்டக்காரர், பல வருடங்களுக்கு முன் புயலில் விழுந்த வால்நட் மரத்தின் கிளைக்கவட்டுகளைப் பலகையாய் அறுத்துத் தன் களஞ்சியத்தில் போட்டு வைத்திருந்தார். கோணல் என்பதால் யாரும் எடுக்கவில்லையாம். அவற்றில் ஒன்று வளைவுக்குச் சரியாக வந்தது. அதன் ஓரத்தில் ஒரு முடிச்சும் இருந்தது. அதை வெட்டிவிட முடியாமல் அப்படியே விட்டேன்.

இரண்டாவது முறை வேலை செய்தபோது எனக்கு உற்சாகம் என்று எதுவும் இல்லை. கரி பூசுவேன், வைப்பேன், எடுப்பேன், சுரண்டுவேன். வன அதிகாரி இடையிடையே வந்து தோளில் வைத்துப் பார்ப்பார். கன்னம் படும் இடத்தில் நான் சிறிது சிறிதாகக் குறைப்பேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு துவக்கைத் தூக்கி, பிறகு கண்ணைத் திறப்பார். "இன்னும் கொஞ்சம்" என்பார். நான் மறுபடி அரத்தை எடுப்பேன்.

சுட்டுப் பார்க்கும் நாளில் நானும் வரவேண்டும் என்று அவர் கேட்டார். அதுவரை நான் ஒரு தடவையும் சுடுமிடத்துக்குப் போனதில்லை. காதை மூடும் கருவியைத் தந்தார்கள். சத்தம் காதில் கேட்கவில்லை, நெஞ்சில் இடித்தது. முதல் வெடிக்கே சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மரம் உடையுமோ என்றுதான் பயந்தேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உடையவில்லை. அவர் தொடர்ந்து சுட்டார். பிறகு துவக்கைத் திறந்து குண்டுகளை எடுத்து மேசையில் வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"தேடவேண்டியதில்லை" என்றார். "தூக்கினால் கண்ணுக்கு முன்னால் வந்து நிற்கிறது."

அவருடைய இரண்டு கண்களிலும் தண்ணீர். பார்வை இல்லாத கண்ணிலிருந்தும் வரும் என்று நான் நினைத்திருக்கவில்லை.

அங்கே பஸ் இல்லாததால் கணவர் என்னைக் கூட்டிப்போக வந்திருந்தார். கார் தரிப்பிடத்தில், காருக்குள்ளேயே, கண்ணாடிகளை ஏற்றிவிட்டு இருந்தார். வன அதிகாரி துவக்கை உறையில் பூட்டிவிட்டு அவரிடம் போய்க் கை கொடுத்தார். "உங்கள் மனைவி எனக்குக் காட்டைத் திருப்பித் தந்தவர்" என்றார். கணவர் "ஓம், நல்லம்" என்று தமிழில் சொல்லிவிட்டு, பிறகு அவசரமாக டொச்சில் நன்றி சொன்னார்.

கணவர் காரைப் பாதைக்கு எடுத்தார்.

"அந்தாள் அழுதவரே?" என்றார்.

"ஓம்."

"சத்தம் உமக்குக் கரைச்சலா இருந்ததோ?"

"இருந்தது."

அவர் வேகத்தைக் குறைத்தார். "அடுத்ததும் இப்பிடி ஆளைக் கொல்லுற வேலையோ?"

"இல்லையப்பா. திங்கக்கிழமை சாதாரணமான ஒண்டுதான்."

"அப்ப இருக்கையைச் சாய்ச்சுப்போட்டுக் கொஞ்சம் நித்திரை கொள்ளும். வீடு வந்தா எழுப்புறன்."

நெடுஞ்சாலையில் ஏறுவதற்கு முன்பே நான் தூங்கிவிட்டேன்.