பதினோராம் பக்கத்தில் நிற்கும் நூலகம்

எங்கள் கிளை நூலகத்தின் நூலகருக்குப் பெற்றோர் வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும்தான் இருந்தது. மற்றபடி எல்லாருக்கும் அவர் ‘உஷ் மேடம்’. பேசினால் உஷ். தும்மினாலும் உஷ். ஒருமுறை வெளியே இடி இடித்தபோது அவர் விரலை உதட்டுக்குக் கொண்டுபோனதை நான் கண்ணால் பார்த்தேன்.

புத்தகத்துக்குத் தவணை பதினைந்து நாள். தாண்டினால் நினைவூட்டுக் கடிதம் அனுப்ப வேண்டும் என்பது விதி. உஷ் மேடத்துக்குத் தபால் துறை மேல் நம்பிக்கை கிடையாது. கடிதத்தைத் தானே எடுத்துக்கொண்டு வாசகரின் வீட்டு வாசலில் போய் நிற்பார். கால் முறிந்து ஆஸ்பத்திரியில் கிடந்த ஒருவரையும் விடவில்லை.

“கால் உடைஞ்சு போச்சு மேடம்.”

“கை நல்லாத்தான இருக்கு? தலகாணிக்குக் கீழ இருக்கற புக்க எடுத்துக் குடுங்க.”

முப்பது ஆண்டுகள் இப்படி நடந்ததில், அந்தப் பகுதியில் வீட்டு வாடகையைத் தள்ளிப்போடுகிறவன்கூட நூலகப் புத்தகத்தைப் பதினான்காம் நாளே கொடுத்துவிடுவான். இந்த நல்ல பழக்கம்தான் பிறகு நூலகத்தின் கழுத்தைப் பிடித்தது.

எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான். கேட்டவரிடமும் சொல்வேன், கேட்காதவரிடமும் சொல்வேன். கிராமத்திலிருந்து வேலை தேடி வந்து, நூலகத்தில் உட்காரப் போன முதல் நாள் உஷ் மேடத்திடமும் சொன்னேன்.

“சந்தோஷம். கையைக் கழுவிட்டு வந்து பேப்பரைத் தொடுங்க” என்றார்.

அந்த ஆண்டுதான் கண்ணாடி பாட்டில் ஆலை மூடப்பட்டது. ஒரு திங்கட்கிழமை காலையில் கேட்டில் ஒரு தாள் ஒட்டியிருந்தது, அவ்வளவுதான். எழுநூறு பேருக்கு வேலை போனது. பெரிய மனிதர்கள் வந்து மேடை போட்டு வருத்தப்பட்டார்கள். மைக் நன்றாக வேலை செய்தது. “தொழிலாளர் குடும்பங்களை ஒருபோதும் கைவிட மாட்டோம்” என்று சொல்லிவிட்டு, ஆலைச் சுவரில் ‘உதவி மையம்’ என்று ஒரு பலகை அடித்து, அதில் ஒரு தொலைபேசி எண்ணையும் எழுதிவிட்டுப் போனார்கள். அது எங்கள் நூலகத்தின் எண். அரசாங்கத் தொலைபேசி ஒன்று சும்மாதானே கிடக்கிறது என்று யாரோ நினைத்திருக்கிறார்கள். உஷ் மேடத்திடம் யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

தொலைபேசி அடித்துக்கொண்டே இருந்தது. சத்தம் அவருக்கு ஆகாது. அதனாலேயே ஒவ்வொரு அழைப்பையும் உடனே எடுத்தார். எடுத்த பிறகு பதில் சொல்லாமல் வைக்க மனம் வரவில்லை. எந்த அலுவலகத்தில் எந்த விண்ணப்பம், எந்தச் சான்றிதழுக்கு யார் கையெழுத்து என்று கேட்டு எழுதி வைத்துக்கொண்டார். பத்தே நாளில் அவரே உதவி மையமாகிவிட்டார். பலகை அடித்தவர்களுக்கு அது இன்றுவரை தெரியாது.

ஆட்களும் வரத் தொடங்கினார்கள். காலை எட்டரை மணிக்கு ஷட்டருக்கு முன்னால் கையில் சாப்பாட்டு டப்பாவோடு ஒரு வரிசை. பாதிப் பேர் பக்கத்து வீட்டாரிடம் இன்னும் வேலைக்குப் போவதாகவே சொல்லிக்கொண்டிருந்தார்கள். வீட்டை விட்டுக் கிளம்பியாகிவிட்டது, எங்காவது உட்கார வேண்டுமே. கிரேன் ஓட்டிய, கிரேன் போலவே உயரமான ‘கிரேன்’ அண்ணன் ஆறாம் நாள் என்னைப் பிடித்துக்கொண்டார்.

“தம்பி, நீதான் பெரிய படிப்பு படிச்சிருக்கியாமே. எனக்கு ஒரு பயோடேட்டா எழுதிக் குடு.”

இருபத்தைந்து ஆண்டு அனுபவம் உள்ளவருக்கு, ஒரு நாள்கூட வேலை பார்க்காத நான் அனுபவப் பட்டியல் எழுதிக் கொடுத்தேன். என் பட்டத்துக்குக் கிடைத்த முதல் உத்தியோகம் அது.

உஷ் மேடம் எந்த விதியையும் தளர்த்தவில்லை. விதி விதிதான். ‘இங்கே சாப்பிடக் கூடாது’ என்ற பலகையை மட்டும் கழற்றி, உள்ளறையில் ஆணியடித்து மாட்டினார். ‘இங்கே’ என்பது இப்போது உள்ளறை. வராந்தாவில் எழுபது டப்பாக்கள் திறந்தன. மின்சாரம் அலுவலக உபயோகத்துக்கு மட்டும் என்று இன்னொரு விதி. “வேலைக்கு விண்ணப்பம் போடறது எந்த அலுவலகத்துக்கு? அலுவலகத்துக்குத்தான? செல்போனை சார்ஜ் போடுங்க” என்றார்.

அவர் வீட்டுக்காரரும் அதே ஆலையில் உலைப்பிரிவு ஃபோர்மேன். அவர் மட்டும் நூலகத்துக்கு வரவில்லை. “பொண்டாட்டி உத்தியோகம் பாக்கற எடத்துல போய் நான் வெட்டியா உக்காரணுமா?” என்று டப்பாவோடு பேருந்து நிலையத்துக்குப் போய், ஏறப்போகாத பேருந்துகளுக்காகக் காத்திருந்தார்.

அந்த நேரம் பார்த்துத்தான் தலைமை அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. நாளொன்றுக்கு நாற்பது புத்தகத்துக்குக் குறைவாக இரவல் போகும் கிளைகள் மூடப்படும், மூன்று வாரத்தில் ஆய்வு. எங்கள் நூலகத்துக்கு நாளொன்றுக்கு நூற்றெண்பது பேர் வந்தார்கள். இரவல் போனது நான்கு. மேடம் மாத அறிக்கையின் ஓரத்தில் வருகிறவர்களின் எண்ணிக்கையைக் கையால் எழுதி அனுப்பினார். ‘படிவத்தில் கட்டம் இல்லாத தகவல்களைத் தவிர்க்கவும்’ என்ற குறிப்போடு அது திரும்பி வந்தது.

உஷ் மேடம் யாரிடமும் போய்க் கெஞ்சுகிறவர் இல்லை. கடிதத்தைத் தன் மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்தார். ஆலையின் பேக்கிங் பிரிவில் இருந்த அக்கா வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போட வந்தபோது அதைத் தலைகீழாகவே படித்துவிட்டார். பாட்டில் லேபிளைத் தலைகீழாகப் படித்தே பழகிய கண்.

“நாப்பது புக்குதான? இவங்களுக்கு வேணும்னா நானூறா எடுப்போம்!” என்று வராந்தாவில் அறிவித்தார்.

எடுத்தார்கள், ஆய்வுக்கு முந்தைய இரண்டே நாளில். ஆளுக்கு மூன்று புத்தகம். வீட்டில் உள்ளவர்கள் பெயரிலெல்லாம் உறுப்பினர் அட்டை. எழுத்துக்கூட்டிப் படிக்கிறவர் சட்டப் புத்தகம் கொண்டுபோனார். கிரேன் அண்ணன் தேனீ வளர்ப்பு, பல் பராமரிப்பு, கடல் பயணம் என்று மூன்றைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். தேதி முத்திரை குத்திக் குத்தி மேடத்தின் மணிக்கட்டு வீங்கியது. ஆய்வுக்கு முதல் நாள் மாலை ஃபோர்மேனும் வந்தார். பேருந்து நிலையத்திலேயே போய் கிரேன் அண்ணன் அவரைச் சீண்டியிருக்கிறார்: “அண்ணே, ஊரே உங்க வீட்டம்மாவுக்காக புக்கு தூக்குது. உங்களுக்குக் கை வலிக்குதா?”

அலமாரியில் அப்போது ஒரே ஒரு புத்தகம்தான் மிச்சம். ‘கோழி நோய்கள்’. ஃபோர்மேன் வீட்டில் கோழி கிடையாது. ஆனாலும் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டார். மேடம் மற்றவர்களிடம் சொல்வதைப் போலவே சொன்னார்: “பதினஞ்சு நாள். பக்கத்த மடிக்கக் கூடாது.”

மறுநாள் ஆய்வு அதிகாரி வந்தார். வராந்தாவில் நூறு பேர் எழுந்து நின்றார்கள். அவர் நேராக உள்ளே போனார். வெறும் அலமாரிகள். துடைத்து வைத்த பளபளப்பு.

“புத்தகம் எங்க?”

“வாசகர்கள்கிட்ட இருக்கு சார்” என்றார் மேடம், முகத்தில் ஒளிக்க முடியாத பெருமையோடு.

“புத்தகமே இல்லாத எடத்துக்கு நூலகம்னு பேரா? படிவத்துல ‘அலமாரியில் உள்ள நூல்கள்’னு ஒரு கட்டம் இருக்கே, அதுல நான் என்ன எழுத? பூஜ்யம்னா?” எழுதியேவிட்டார். “மூடறதுக்குப் பரிந்துரை பண்றேன்.”

கிரேன் அண்ணனுக்குப் பொறுக்கவில்லை. “எடுக்கலேன்னாலும் மூடுவீங்க, எடுத்தாலும் மூடுவீங்க. நாங்க பக்கத்தக் கிழிச்சுத் தின்னா தொறந்து வைப்பீங்களா?”

“உஷ்” என்றார் மேடம். பிறகு இழுப்பறையிலிருந்து விதிப்புத்தகத்தை எடுத்து, அதிகாரி முன்னால் விரித்தார். “விதி நாற்பத்தொண்ணு சார். கடைசிப் புத்தகம் வரைக்கும் அலமாரிக்கு வந்து, எண்ணிச் சரிபார்த்து ஒப்படைக்காம எந்தக் கிளையையும் மூட முடியாது.”

அதிகாரி படித்தார். “பதினஞ்சு நாள்தான? இனி யாருக்கும் இரவல் கிடையாது. புதுப்பிக்கறதும் கிடையாது. எல்லாம் வரட்டும், நானே வந்து எண்ணறேன்.”

எனக்கு உடனே விளங்கிவிட்டது. படித்தவன் அல்லவா! வராந்தாவில் எல்லாரையும் கூட்டி விளக்கினேன். “யாரும் திருப்பிக் குடுக்காதீங்க. குடுத்தாத்தான் மூட முடியும். வெச்சுக்கிட்டா நூலகம் நிக்கும்.” எல்லாரும் அழகாகத் தலையாட்டினார்கள்.

பதினான்காம் நாள் காலை ஷட்டருக்கு முன்னால் வரிசை வழக்கத்தைவிட நீளமாக இருந்தது. ஒவ்வொருவர் கையிலும் மூன்று புத்தகம். முதல் ஆள் கிரேன் அண்ணன்.

“அண்ணே, அன்னைக்குத் தலையாட்டுனீங்களே!”

“தம்பி, உனக்கு அந்தம்மாவப் பத்தித் தெரியாது. தவணை தாண்டுனா வீட்டு வாசல்ல வந்து நிப்பாங்க. எம் பொண்டாட்டி முன்னாடி ஒரு தடவ நின்னாங்க. வேணாம்பா, அந்த மானக்கேடு.”

உஷ் மேடம் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து வரிசையைப் பார்த்தார். வாங்க மாட்டேன் என்று சொல்ல விதியில் இடமில்லை. வாழ்நாளில் முதல்முறையாக அவர் வாயிலிருந்து அந்த வார்த்தை வந்தது: “எதுக்குங்க இவ்வளவு அவசரம்? நாளைக்கும் ஒரு நாள் இருக்கே.”

“வேணாம் மேடம், நாங்க கரெக்டா இருப்போம்” என்றார் பேக்கிங் அக்கா நெஞ்சை நிமிர்த்தி.

சேவைக்கு ஊர் செலுத்திய நன்றிக்கடன் இது. முத்திரை விழ விழ அலமாரி நிறைந்தது. மேடத்தின் முகம் மட்டும் காலியாகிக்கொண்டே வந்தது.

பதினாறாம் நாள் அதிகாரி இரண்டு எழுத்தர்களோடு வந்து எண்ணினார். நாலாயிரத்து இருநூற்றுப் பதினொன்று. பதிவேட்டில் நாலாயிரத்து இருநூற்றுப் பன்னிரண்டு. மூன்று முறை எண்ணினார்கள்.

“ஒண்ணு குறையுது. யார்கிட்ட?”

மேடம் பதிவேட்டைப் புரட்டினார். “‘கோழி நோய்கள்’ சார். வாசகர் முகவரி… என் வீட்டு முகவரிதான்.”

அதிகாரி சிரித்துவிட்டார். “உங்க வீட்டுக்காரரா? போனப் போட்டுக் கொண்டாரச் சொல்லுங்க, முடிச்சிடலாம்.”

“விதிப்படி மூணு நினைவூட்டு போகணும் சார். மாசத்துக்கு ஒண்ணு. தபால்ல.”

“வீட்ல போய் நேர்ல கேக்கறதுக்கென்ன?”

“வீட்ல நான் நூலகர் இல்ல சார்.”

“சரி, தொலைஞ்சதுன்னு எழுதிடலாம்.”

“தொலையலயே சார். இருக்கு. படிச்சிட்டிருக்கார்.”

முப்பது ஆண்டுகளாக இல்லாத நம்பிக்கை தபால் துறை மேல் அன்று அவருக்கு வந்தது. முதல் நினைவூட்டைப் பதிவுத் தபாலில் தன் வீட்டுக்கே அனுப்பினார். ஃபோர்மேன் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டார்.

ஏன் கொடுக்கவில்லை என்று நான் அவரிடமே கேட்டேன்.

“ஊர்ல எல்லாரும் அவ வாசல்ல வந்து நிப்பான்னு பயப்படறாங்க. எனக்கென்ன பயம்? முப்பது வருஷமா உள்ளதான நிக்கறா!” என்றார். பிறகு குரலைத் தாழ்த்தினார். “முந்தாநாள் ‘படிச்சு முடிச்சிட்டீங்களா’ன்னு கேட்டா. ‘இல்ல, இது பெரிய வியாதி, நிதானமாத்தான் படிக்கணும்’னேன். ‘கண்ணக் கெடுத்துக்காதீங்க, மெதுவாவே படிங்க’ன்னா. கல்யாணமாகி இத்தன வருஷத்துல என்னை அவ ‘மெதுவா’ன்னு சொன்னது இதான் முதல் தடவ.”

இரண்டாம் நினைவூட்டும் போயாகிவிட்டது. தலைமை அலுவலகம் விளக்கம் கேட்டது. மேடம் பதில் எழுதினார்: ‘வாசகரிடம் விசாரிக்கப்பட்டது. நூல் பயன்பாட்டில் உள்ளது.’ மூன்றாவது போன பிறகு என்ன என்று விதிப்புத்தகத்தில் பார்த்தேன். ‘நூலகர் தக்க நடவடிக்கை எடுக்க வேண்டும்’ என்று இருந்தது. எப்போது என்று இல்லை. அதை எழுதியவருக்கு என் வணக்கம்.

ஃபோர்மேன் இப்போது பேருந்து நிலையத்துக்குப் போவதில்லை. காலை எட்டரைக்குச் சாப்பாட்டு டப்பா ஒரு கையில், ‘கோழி நோய்கள்’ இன்னொரு கையில். உள்ளே வந்து உட்கார்ந்து விரிக்கிறார். சாப்பிடப் போனாலும் கக்கத்தில்தான் வைத்திருக்கிறார், மேசையில் வைப்பதில்லை. வைத்தால் யாராவது அலமாரியில் சொருகிவிடுவார்கள் என்று பயம். இரண்டு நினைவூட்டுக் கடிதங்களும் பக்க அடையாளமாக அதற்குள்ளேயே இருக்கின்றன. தொலைபேசி அடிக்கிறது, மேடம் எடுக்கிறார். இந்த வாரம் மட்டும் ஒன்பது பேருக்கு நான் பயோடேட்டா எழுதினேன். கிரேன் அண்ணனுக்குத் துறைமுகத்திலிருந்து நேர்காணல் கடிதம் வந்திருக்கிறது. எனக்கு இன்னும் எதுவும் வரவில்லை.

நேற்று கிரேன் அண்ணன் படிப்பறையின் இந்தக் கோடியிலிருந்து குரல் கொடுத்தார்: “அண்ணே, எத்தனாவது பக்கம்?”

“பதினொண்ணு!” என்று அந்தக் கோடியிலிருந்து பதில் வந்தது.

மேசைக்குப் பின்னாலிருந்து மேடம் நிமிர்ந்தே பார்க்காமல் சொன்னார்: “உஷ். அவரு படிக்கட்டும்.”