தரை போடாத வீடு

'இயற்கை' என்ற சொல்லை யாராவது என் காதுபட இழுத்துச் சொன்னால் இப்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. காய்கறிக் கடையில் சொன்னால்கூடப் பொறுத்துக்கொள்வேன். வீட்டுத் தரையைப் பற்றிச் சொன்னால் முடியாது. தரையில் இயற்கை என்றால் என்னவென்று எனக்குத் தெரியும். கீழ்பென்னாத்தூருக்கு அந்தப் பக்கம் ஒரு கிராமத்தில் மண் தரை வீட்டில் பிறந்து, வெள்ளிக்கு வெள்ளி சாணி மெழுகிவிட்டுப் பள்ளிக்கூடம் போனவள் நான். நகக்கண்ணில் ஏறிய பச்சை சோப்புக்கும் போகாது. வகுப்பில் பதில் தெரிந்த கேள்விக்குக்கூடக் கையைத் தூக்காமல் மடியிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். மண்ணின் அழகைப் பற்றிப் பேச வருகிறவர்கள் அதையும் சேர்த்துப் பேசட்டும்.

நான் படித்து, அரசு வேலைக்கு வந்து, திருவண்ணாமலையிலேயே குடித்தனம் வைத்துவிட்டேன். அம்மா மட்டும் அதே வீட்டில், அதே தரையில் இருந்தாள். அப்பா போன பிறகும் அப்படித்தான். குந்தி உட்கார்ந்து மெழுகி மெழுகியே முட்டி இரண்டும் தேய்ந்துபோயிற்று. என்னோடு வந்து இரு என்று பத்து வருஷமாகக் கூப்பிட்டேன். வாடகை வீட்டுக்கு வர மாட்டாள்.

"சொந்தமா ஒரு வீடு கட்டு. வழவழன்னு தரை போடு. குச்சியில துணிய சுத்தி நின்ன வாக்குல தொடைக்கிற மாதிரி இருக்கணும். அப்ப வரேன்" என்றாள்.

வாழ்நாளில் அவள் என்னிடம் கேட்டது அது ஒன்றுதான். அதனால் வேங்கிக்காலில் மனை வாங்கி, கடைக்கால் தோண்டுவதற்கு முன்பே நான் டைல்ஸ் பார்த்து வைத்துவிட்டேன். வெள்ளை நிறம், நடுவில் மெல்லிய சாம்பல் ரேகை. கடையில் செருப்பைக் கழற்றிவிட்டு அதன்மேல் காலை வைத்துத் தேய்த்துக்கூடப் பார்த்தேன். கடைக்காரர் சிரித்தார். சிரிக்கட்டும் என்று இன்னொரு தடவை தேய்த்தேன்.

என் வீட்டுக்காரர் தனியார் கல்லூரியில் பாடம் நடத்துகிறவர். அவருக்குக் கைப்பேசியில் வீடு பார்க்கிற வியாதி. மற்றவர்கள் சினிமா பார்க்கிற நேரத்தில் இவர் யார் யாருடைய கூடத்தையோ பார்த்துக்கொண்டிருப்பார். ஆள் இல்லாத கூடங்கள். ஒரு பிளாஸ்டிக் குடம் கிடையாது, கொடியில் துண்டு கிடையாது, நாற்காலியில் மடிக்காத துணி கிடையாது. மனிதர்கள் காலி செய்துவிட்டுப் போன பிறகு எடுத்த படம் போல இருக்கும். அந்தப் பழக்கத்தில்தான் உள் அலங்காரம் செய்கிற ஒருவரைப் பிடித்துக்கொண்டு வந்தார். அவர் நகரத்தில் படித்து, நகரத்தில் சம்பாதித்து, நகரத்தை வெறுத்து, அடி அண்ணாமலைப் பக்கம் கிரிவலப் பாதையில் வீடெடுத்துத் தங்கியிருந்தார். மனம் வெறுத்து இந்த ஊருக்கு வருகிறவர்களுக்கு எந்தக் காலத்திலும் பஞ்சமில்லை. வெறுத்த பிறகும் தொழில் பண்ணுகிறவர்களிடம்தான் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும்.

அவர் மடிக்கணினியைத் திறந்து எங்கள் கூடத்தைக் காட்டினார். தரை முழுக்க ஒரே வார்ப்பாகக் கான்கிரீட். மேலே பூச்சு கிடையாது, நிறம் கிடையாது. சுவரோரம் உட்காருவதற்குச் சிமென்டிலேயே ஒரு பெஞ்சு, அசல் பஸ் ஸ்டாண்டில் இருப்பது மாதிரி. சமையலறைக்குக் கடப்பாக் கல். எங்கள் ஊரில் அதைத் துவைக்கிற இடத்தில்தான் போடுவார்கள்.

"தரை நேர்மையா இருக்கணும் மேடம். டைல்ஸ்ங்கறது ஒரு பொய்" என்றார்.

அரசு அலுவலகத்தில் இத்தனை வருஷம் குப்பை கொட்டியவள் நான். நேர்மையில் பல தினுசு பார்த்திருக்கிறேன். தரைக்கு நேர்மை உண்டு என்று அன்றுதான் கேள்விப்பட்டேன். கேழ்வரகில் நெய் வடிகிறது என்று ஒருத்தர் சொன்னால் கேட்கிறவர்களுக்கு மதி வேண்டாமா? என் வீட்டுக்காரர் கண் கலங்காத குறையாகக் கேட்டுக்கொண்டிருந்தார். நான் வெள்ளை டைல்ஸ் என்று வாயெடுத்ததும், "கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை" என்று அவர் முணுமுணுத்தது எனக்குக் கேட்டது.

அப்போதே எழுந்து போயிருக்க வேண்டும். ஏன் போகவில்லை என்பதை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். "உங்க ரசனை சாதாரணமானது இல்ல மேடம், உங்க முகத்திலேயே தெரியுது" என்றார் அந்த ஆள். அவ்வளவுதான், விழுந்துவிட்டேன். எங்கள் தெருவில் எல்லா வீட்டிலும் பளபளப்பு. பளபளப்பு தேவைப்படாத ஒருத்தியாக இருந்து பார்க்கலாமே என்று எனக்கும் நமைச்சல் எடுத்தது. சாணித் தரையிலிருந்து வந்தவள் டைல்ஸ் போட்டால் அது முன்னேற்றம். அதையும் தாண்டி வெறும் சிமென்டுக்குப் போனால் அது ரசனை. வறுமையை விலை கொடுத்து வாங்கிக் கூடத்தில் போட்டுக்கொள்ள அந்தஸ்து வேண்டும் அல்லவா? அந்த அந்தஸ்து எனக்கும் வந்துவிட்டதாக நினைத்தேன்.

கான்கிரீட் போட்டார்கள். பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்தினார்கள். இரண்டு வாரம் எங்கள் கூடம் நாற்றங்கால் போலக் கிடந்தது. தண்ணீரை வடித்து, இயந்திரம் வைத்துத் தேய்த்து முடித்த அன்று மேஸ்திரி என்னிடம் தனியாக வந்தார்.

"டைல்ஸ் எப்ப வருதுங்க மேடம்?"

"வராது மேஸ்திரி. இதுதான் தரை."

துக்க வீட்டுக்கு வந்தவர் மாதிரி நின்றுவிட்டு, கருவிகளை எடுத்துக்கொண்டு போனார். அந்த வீட்டில் கால் வைத்தவர்களிலேயே மூளை உள்ளவர் அவர் ஒருவர்தான்.

தரை நன்றாக உலர்ந்த பிறகு கறை பிடிக்காமல் இருக்க மேலே ஒரு திரவம் அடிக்க வேண்டுமாம். அதற்கு ஒரு மாதம் ஆகும். எங்களுக்குக் குறித்துக் கொடுத்ததோ ஆவணியின் கடைசி முகூர்த்தம். விட்டால் புரட்டாசி, யாரும் புதுவீடு புகமாட்டார்கள். எனவே அந்தப் பச்சைத் தரையிலேயே கிரகப்பிரவேசம் என்று முடிவாயிற்று. அலங்காரக்காரர் எங்களுக்கு ஒரு செய்தி அனுப்பினார். தரையில் எண்ணெய் சிந்தக் கூடாது, மஞ்சள் கூடாது, குங்குமம் கூடாது, எலுமிச்சம்பழம் கூடவே கூடாது. இதற்குக் கல்யாணத்தை நடத்துங்கள், மாப்பிள்ளை மட்டும் வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். என் வீட்டுக்காரர் அதை உட்கார்ந்து மனப்பாடம் செய்தார்.

முந்தின நாள் சாயங்காலம் அம்மா ஊரிலிருந்து வந்தாள். வாடகை வீட்டில் பையை வைத்துவிட்டு நேராகப் புதுவீட்டைக் காட்டக் கூட்டிப்போனேன். வாசலில் செருப்பை விட்டு, வலது காலை எடுத்து வைத்தாள். கட்டைவிரலால் தரையைத் தேய்த்துப் பார்த்தாள். கூடத்தைச் சுற்றிலும் பார்த்தாள்.

"இன்னாடி, இன்னும் தரை போடலியா?"

இதுதான் தரையம்மா என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. உனக்காகத்தான் வீடு என்று பத்து வருஷம் சொன்ன வாய். தரை நேர்மையாக இருக்க வேண்டும் என்று அவளிடம் சொல்லிப் பார்க்க முடியுமா? சிரித்திருப்பாள். அதைவிட மோசம், சிரிக்காமல் இருந்திருப்பாள்.

"போடணும்மா. கொஞ்சம் வேல பாக்கி இருக்கு" என்றேன்.

"மாப்ளைக்கு இன்னா கஷ்டமோ. பரவால்ல, அப்புறமா போட்டுக்கலாம்" என்று என் கையைத் தட்டிக் கொடுத்தாள்.

மறுநாள் விடிவதற்கு முன்பே, வாசல் தெளித்துக் கோலம் போட முன்னால் போகிறேன் என்று சாவியை வாங்கிக்கொண்டு போனாள். இரண்டு தெரு தள்ளித்தான் வீடு. பூஜைக்குச் சொல்லியிருந்த பசுவையும் கன்றையும் பால்காரர் ராத்திரியே பக்கத்துக் காலிமனையில் கட்டிவிட்டுப் போயிருந்தார். ஆறு மணிக்கு நாங்கள் நிறைகுடமும் சாமி படமுமாகப் போய் இறங்கினோம். வாசலில் பெரிய கோலம். உள்ளே கூடம் முழுக்க, சுவருக்குச் சுவர், சாணி போட்டு மெழுகியிருந்தது. வளைவு வளைவாக, ஒரு இடம்கூட விட்டுப்போகாமல். அந்தச் சிமென்டு பெஞ்சுக்கு அடியில்கூட. அம்மா ஓரத்தில் சுவரைப் பிடித்து நின்றுகொண்டிருந்தாள். பழைய நூல் புடவை முட்டிக்கு மேல் ஏறியிருந்தது. முகத்தில் அப்படி ஒரு பெருமை.

எங்கள் பக்கத்தில் வெறுந்தரையில் நல்ல காரியம் செய்யமாட்டார்கள். மெழுகிக் கோலம் போட்ட பிறகுதான் விளக்கே ஏற்றுவார்கள். மகள் வீட்டில் தரை போடவில்லை என்றால் தாய் வேறென்ன செய்வாள்?

என் வீட்டுக்காரர் தலையில் கையை வைத்துக்கொண்டார். "ஐயோ, இன்னா அத்தை இப்படிப் பண்ணிட்டீங்க! இது முடிஞ்ச தரைங்க! கறை போவாதுங்க!"

"வேல பாக்கி இருக்குன்னு இவதான மாப்ள சொன்னா" என்று அம்மா என்னைப் பார்த்தாள்.

நான் கூரையைப் பார்த்தேன். அதுவும் பூசாத கான்கிரீட்தான், அதுவும் நேர்மையாகத்தான் இருந்தது. ஹோமம் செய்ய வந்த குருக்கள் மட்டும், "ரொம்ப நன்னா மெழுகியிருக்கேளே, யாரு மெழுகினது?" என்று கேட்டுவிட்டு, செங்கல்லை அடுக்க ஆரம்பித்தார்.

ஹோமம் முடிந்து பால் பொங்கிய பிறகு அலங்காரக்காரர் வந்தார், கழுத்தில் காமிராவோடு. அதற்குள் அம்மா குளித்து, நான் எடுத்துக் கொடுத்த பட்டுப்புடவையைக் கட்டிக்கொண்டு உறவுக்காரர்களோடு உட்கார்ந்திருந்தாள். என் வீட்டுக்காரர் அவரிடம் மன்னிப்புக் கேட்டு முடிப்பதற்குள் அந்த மனிதர் தரையில் மண்டிபோட்டுவிட்டார். அழுதுவிடுவார் என்று நினைத்தேன். அவர் ஆனந்தத்தில் இருந்தார்.

"யாரும் தொடாதீங்க! இந்த டெக்ஸ்சரைத்தான் நான் ரொம்ப நாளா தேடிட்டு இருந்தேன்!"

யார் செய்தது என்று கேட்டுத் தெரிந்துகொண்டு அம்மாவிடம் வந்தார். ஜன்னல் ஓரத்தில் வெளிச்சம் விழுகிற இடத்தில் உட்கார்ந்து இன்னொரு முறை மெழுக வேண்டுமாம். படம் எடுக்க வேண்டுமாம்.

"ஒரே நிமிஷம்மா. இந்தப் பட்டு வேணாம், காலைல கட்டியிருந்த பழைய புடவைதான் நல்லா இருக்கும்."

அம்மா அசையவில்லை. "முட்டி வலிக்குது தம்பி" என்றாள்.

"செய்யுங்க அத்தை, ஆசையா கேக்கறாருங்க" என்றார் என் வீட்டுக்காரர். கொஞ்ச நேரம் முன்பு தலையில் கை வைத்துக்கொண்டவர் இவர்தான்.

அம்மா அப்போதும் அசையவில்லை. என்னைப் பார்த்தாள். என் அலுவலகத்துக்காரர்கள் எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். படம் எங்கெங்கோ வரும், நம் வீட்டுப் பேர் வரும் என்று பக்கத்தில் யாரோ சொன்னார்கள். அந்த ஆளைத் திட்டுவதற்கு என்னிடம் எத்தனை வார்த்தை இருந்தது! மாதக்கணக்கில் மனதுக்குள் சேர்த்து வைத்தவை. ஒன்றும் வெளியே வரவில்லை.

"ஒரே ஒரு தடவம்மா" என்றேன்.

அம்மா உள்ளே போய்ப் பட்டை அவிழ்த்து மடித்து வைத்துவிட்டு, காலையில் அலசிப் போட்டிருந்த பழைய புடவையை ஈரத்தோடு கட்டிக்கொண்டு வந்தாள். என் தோளைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். மெழுகினாள். கொஞ்சம் இந்தப் பக்கம், தலையைக் குனிந்து, கை மட்டும் தெரிகிற மாதிரி என்று அந்த மனிதர் சொல்லிக்கொண்டே இருந்தார். ஒரு நிமிஷம் என்றது அரை மணி நேரம் ஆயிற்று. உறவுக்காரப் பெண்கள் கைகொட்டிச் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

பிற்பாடு அந்தக் கைவளைவுகளை அழியவிடாமல் அதன்மேலேயே திரவத்தை அடித்துக் கொடுத்தார். பார்க்க வருகிறவர்கள் குனிந்து தொட்டுப் பார்த்து ஆகா என்கிறார்கள். எங்கள் தெருவில் மட்டும் இன்னும் 'தரை போடாத வீடு' என்றுதான் அடையாளம் சொல்கிறார்கள். தெருவுக்கு என் வணக்கம். அம்மா கை பட்ட அந்தத் தரையை நான்தான் குச்சியில் துணி சுற்றித் தினமும் துடைக்கிறேன். அந்த அலங்காரக்காரர் மேல் எனக்கு ஏளனம் இருக்கிறது, வீட்டுக்காரர் மேலும் இருக்கிறது. என்மேல் இருப்பது ஏளனமல்ல. அருவருப்பு.

அன்று அம்மா சாப்பிட்டு முடித்ததும் ஊருக்குக் கிளம்பிவிட்டாள். அவளுக்கென்று கட்டிய அறையைப் பார்க்கக்கூட இல்லை. பஸ் ஸ்டாண்டு வரை ஸ்கூட்டியில் கூட்டிப்போனேன். கீழ்பென்னாத்தூர் பஸ் நின்றிருந்தது.

"இருந்துட்டுப் போலாமில்லம்மா. நான் வேணும்னா டைல்ஸ் போட்டுடறேன்" என்றேன்.

"தரைக்கு இன்னாடி" என்றாள். பையை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றிக்கொண்டாள். "அந்தத் தம்பி கேட்டப்ப நான் எழுந்திரிக்கல. மாப்ள கேட்டப்பவும் எழுந்திரிக்கல. நீ சொன்ன. அதான் எழுந்தேன்."