பெட்டியருகே எடுத்த படம்

பீரோவின் அடித்தட்டில், புடவைகளுக்குக் கீழே நான் வைத்திருந்த படத்தைப் போன வாரம் சின்னவள் எடுத்துவிட்டாள். நடுவில் பூ மூடிய சவப்பெட்டி, சுற்றிலும் நாங்கள். "ப்பா, எல்லாரும் அழறாங்க, பெரியத்தை மட்டும் ஏன் சிரிக்கிறாங்க?" என்று உரக்கக் கேட்டாள். சமையலறையில் என் அக்கா வெங்காயம் அரிந்துகொண்டிருந்த சத்தம் நின்றது. அதனால்தான் பிள்ளைகளே, இதை எழுதுகிறேன். எனக்கு எழுத்து அவ்வளவாக வராது. ஆனால் வாயால் சொன்னால் அக்கா காதில் விழும்.

அக்காவின் மேல்வரிசைப் பற்கள் ஒன்றின்மேல் ஒன்று ஏறி, உதட்டைத் தள்ளிக்கொண்டு நிற்கும். உதடுகள் சேரவே சேராது. சும்மா இருந்தாலே சிரிக்கிற மாதிரி இருக்கும். பயந்தாலோ அழுதாலோ இன்னும் ஜாஸ்தியாகத் தெரியும். ஆம்பூர் ஷூ கம்பெனியில் தையல் பிரிவில் இருந்தாள். "இன்னாமா, திட்னா சிரிக்கிற?" என்று சூப்பர்வைசரிடம் கூடுதலாக வாங்கிக்கட்டிக்கொள்வாள். "நம்ம லைன்ல உன் பல்லு மட்டுந்தான்டி ஒழுங்கா நிக்கல" என்று கூட இருந்த பெண்கள் கிண்டலடிப்பார்கள். அவளும் சேர்ந்து சிரிப்பாள். அவள் வீட்டுக்காரருக்கு, மாமாவுக்கு, அந்த முகம் பிடிக்கும். "இவ மூஞ்சியப் பாத்தா பேஜாரெல்லாம் போய்டும் மச்சான்" என்பார் என்னிடம்.

ராணிப்பேட்டைக்கு வேலைக்குப் போன மாமா லாரி மோதி இறந்துபோனார். அவர்கள் மகள் அப்போது கைக்குழந்தை. நம் சபையில் ஜெபம் முடிந்து பெட்டியை மூடுவதற்கு முன், குடும்பத்தைச் சுற்றி நிறுத்திப் படம் எடுப்பது வழக்கம். அக்கா விழுந்துவிடாமல் நான் பக்கத்தில் நின்றேன். "அக்கா, கொஞ்சம் வாய மூடுங்க" என்றார் போட்டோக்காரர். அவள் முயன்றாள். உதடு நடுங்கி, விரிந்து, பல் முழுவதும் வெளியே வந்தது. அந்த நொடியில் அவர் எடுத்துவிட்டார்.

படம் வந்த அன்றே சத்துவாச்சாரி வீட்டில் மாமியார் கத்தினார்: "எம்புள்ள பொட்டில கெடக்குறான், இவ பல்லக் காட்டிக்கினு நிக்கிறா! இவகிட்ட எம்பேத்தியக் குடுப்பனா?" சபைப் பெரியவர்களை வைத்துப் பேசினோம். அந்த அம்மா படத்தை எடுத்து நடுவில் வைத்தார். ஒவ்வொருவராகப் பார்த்தார்கள். "கொஞ்ச நாள் போவட்டும்மா" என்றார்கள் அக்காவிடம். பிறந்ததிலிருந்தே அவளைத் தெரிந்தவர்கள்கூட அப்படித்தான் சொன்னார்கள். குழந்தை அங்கேயே தங்கிவிட்டது, அக்கா மட்டும் நம் வீட்டுக்கு வந்துவிட்டாள்.

பிள்ளைக்கு விவரம் தெரிந்த வயதில் ஒரு கிறிஸ்துமஸுக்குப் புதுக் கவுன் எடுத்துக்கொண்டு போனோம். வாசலிலேயே அது கேட்டது: "எங்கப்பா செத்தப்ப நீ ஏன் சிரிச்ச?" அக்கா முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். வீடு வந்து சேரும்வரை அந்தக் கையை எடுக்கவில்லை.

பிறகு முன்பற்களைப் பிடுங்கிவிட்டு நேரான பல் வைத்துக்கொண்டாள். நீங்கள் பார்த்துப் பழகியது அந்த முகத்தைத்தான். "மூஞ்சே மாறிப்போச்சு, இன்னா சாந்தமா இருக்குது" என்று தெருவில் எல்லாரும் சொன்னார்கள். அந்த நம்பிக்கையில் மறுபடி சத்துவாச்சாரிக்குப் போனோம். கதவைத் திறந்த பெண், "யார் வோணும்?" என்றாள்.

"நான்தான் கண்ணு, அம்மா."

அவள் அக்காவின் வாயையே பார்த்தாள். சுவரில் மாட்டியிருந்த அந்தப் படத்தைத் திரும்பிப் பார்த்தாள். "எங்கம்மா அதோ இருக்காங்க" என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினாள். அதன்பிறகு நாங்கள் போகவில்லை.

சின்னவள் கேட்ட அன்று சாயங்காலம் அக்கா என்னிடம் வந்து உட்கார்ந்தாள். "டேய், உண்மையச் சொல்லு. நான் அன்னிக்கி சிரிச்சனா?" என்றாள். ஊர் சொன்னது போதாதென்று அவளுக்கே சந்தேகம் வந்துவிட்டது.

நான் படத்தை எடுத்து வந்து, அதில் தெரியும் என் மணிக்கட்டின் மேல் விரல் வைத்துக் காட்டினேன். அதை அவள் கை இறுக்கிப் பிடித்திருக்கிறது. விரல் முட்டியெல்லாம் வெளுத்திருக்கிறது. "இதப் பாருக்கா. சிரிக்கிறவ கையா இது?" என்றேன்.

அக்கா ரொம்ப நேரம் படத்தைப் பார்த்தாள். கையை அல்ல, வாயைத்தான்.