பூட்டிய வீட்டுத் துக்கம்

நம்பாவிட்டால் போங்கள். பேய் என்றால் வாய்விட்டுச் சிரிக்கிறவள்தான் நானும். ஆனால் இது போன ஆவணியில் எனக்கே நடந்தது.

என் மகள் கீதாஞ்சலி மலைமேல் இருக்கும் எங்கள் காவலூரிலிருந்து மலையடிவாரத்துக் கல்லூரிக்குத் தினமும் ஸ்கூட்டியில் போய் வருகிறாள். அந்த மலைப்பாதையில் அவள் வண்டி ஓட்டுவது எனக்குப் பிடிக்கவே இல்லை. கல்லூரிப் பக்கமே வீடு பிடித்துக் குடிவந்துவிட வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றேன். புரோக்கர் பாண்டுரங்கன் ஒரு பழைய ஓட்டு வீட்டைச் சொன்னார். சாவியோடு வருகிறேன் என்றவரை அந்த வீட்டு வாசலில் காணவில்லை.

மாலை ஆறரை இருக்கும். கதவு திறந்தே கிடந்தது. பொறுமை எனக்கு எந்தக் காலத்தில் இருந்தது? உள்ளே போய்விட்டேன்.

கூடத்தில் ஐந்து பெண்கள். தலைவிரி கோலமாகச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார்கள். யாரும் “வாங்க” என்று சொல்லவில்லை. தரையில் ஒரு விளக்கு. அடுப்படியில் நெருப்பே இல்லை.

அட, சாவு வீடு! பாண்டுரங்கனை மனதுக்குள் திட்டிக்கொண்டே ஓரமாக உட்கார்ந்தேன். உடனே எழுந்தால் மரியாதை இல்லையே.

அழுகைச் சத்தம் இல்லை... மூச்சுச் சத்தமும் இல்லை.

எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. துக்க வீட்டில் சொல்லிக்கொள்ளாமல்தான் கிளம்ப வேண்டும். தெரியும். ஆனாலும் பழக்கதோஷம்... வாய் முந்திக்கொண்டது.

“போய்ட்டு வர்றேங்க.”

ஐந்து தலைகளும் நிமிர்ந்தன.

“வாங்க,” என்றாள் ஒருத்தி.

ஓடினேன்.

வாசலில் பாண்டுரங்கன், கையில் சாவியோடு. “இன்னாம்மா, இப்டி ஓடியாறீங்க?”

திரும்பிப் பார்த்தேன்... கதவில் பூட்டு. துருப்பிடித்த பூட்டு.

நடந்ததைச் சொன்னேன். அவர் சாவியைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டார்.

“அந்த வூட்டுப் பொம்பளைங்கதாம்மா அஞ்சு பேரும். மலைமேல புதூர்நாட்டுக்குக் கல்யாணத்துக்குப் போன ஜீப்பு, மலைப்பாதையில உருண்டுடுச்சி. ஒருத்தர்கூட மிஞ்சல. இருவது வருஷமாச்சி. ஒங்ககிட்ட மறைச்சது என் தப்புதான்.”

அப்புறம் குரலைத் தாழ்த்தினார்.

“செத்ததே அவங்கதான்... அப்ப யாருக்கும்மா துக்கம் காத்தாங்க? கேட்டீங்களா?”

நான் கேட்கவில்லை.

வேறு வீடு இன்னும் அமையவில்லை. கீதாஞ்சலி இன்றைக்கும் மலை இறங்கித்தான் போயிருக்கிறாள். அவள் வண்டிச் சத்தம் கேட்கும்வரை எனக்குச் சோறு தண்ணி இறங்குவதில்லை.