ஞாபகார்த்தமாக ஒரு ட்ரம் செற்

எங்கள் தேவாலயத்தில் பெயர் இல்லாத சாமான் எதுவும் கிடையாது. மின்விசிறியின் மூன்று இதழ்களிலும் ஒருவரின் பெயர், சுவர் மணிக்கூட்டின் முகத்தில் இன்னொருவரின் பெயர், நாங்கள் இருக்கும் வாங்குகளின் முதுகில் வரிசையாகக் காலஞ்சென்றவர்கள். இன்னாரின் ஞாபகார்த்தமாக இன்னார் குடும்பத்தினரின் அன்பளிப்பு. பிரசங்கம் நீண்டுபோகும் நாள்களில் இவற்றை வாசித்தே ஊர் வரலாற்றைப் பாடமாக்கிவிடலாம். நான் அப்படித்தான் பாடமாக்கினேன். இந்தக் கதையில் யாருடைய பெயரையும் நான் சொல்லப்போவதில்லை. அவை தேவையான இடங்களில் ஏற்கெனவே எழுதப்பட்டிருக்கின்றன.

நான் சாவகச்சேரிப் பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் கணிதம் படிப்பிக்கிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் தேவாலயத்தில் ட்ரம் அடிக்கிறேன். இருபத்திரண்டு வயதில், அடித்துக்கொண்டிருந்த பையன் வெளிநாடு போய்விட்டதால், வேறு ஆள் கிடைக்கும்வரை இரண்டு கிழமைக்கு மட்டும் என்று என்னை அதில் இருத்தினார்கள். அந்த வேறு ஆள் இன்னும் கிடைக்கவில்லை. கிடைத்துவிடக்கூடாது என்பதுதான் என் அந்தரங்க ஜெபம். வாரம் முழுக்க வகுப்பில் தொண்டை கிழியக் கத்திவிட்டு, ஞாயிறு காலையில் வாய் திறக்காமல் இரண்டு கம்புகளால் மட்டும் பேசுவதில் எனக்கு இருக்கும் சந்தோசத்தை வேறெங்கும் நான் கண்டதில்லை. என்னோடு இருக்கும் அம்மாவுக்கு இது பிடிக்காது. எழுபது தாண்டிய, கைக்காசை இறுக்கிப் பிடிக்கிற மனுசி. கலியாணம் கட்டாமல் நான் இருப்பதைக்கூட ஒருவாறு பொறுத்துக்கொண்டார். ட்ரம்மைப் பொறுக்கவில்லை.

போன வருடம் பழைய ட்ரம் செற் செத்துப்போனது. வேறு சொல் இல்லை. பெரிய ட்ரம்மின் தோலை எலி அரித்திருந்தது, நடு ட்ரம்மை ஒட்டு நாடாதான் பிடித்துக்கொண்டிருந்தது, உயிர்த்த ஞாயிறன்று வெண்கலச் சிம்பல் தாங்கியோடு சரிந்து காணிக்கைத் தட்டில் விழுந்தது. சபைக் குழு கூடியது. பொருளாளர் ஓய்வுபெற்ற வங்கி முகாமையாளர். அவர் ஓகன் என்கிற மின் வாத்தியம் ஒன்றின் படத்தை எல்லோருக்கும் காட்டினார். அதில் பொத்தானை அமுக்கினால் ட்ரம் தானாக அடிக்குமாம். தேநீர் கேட்காது, லீவு கேட்காது. சபையின் கையில் இருந்த காசும் அந்த ஓகனின் விலையும் ஏறக்குறைய ஒன்று. நான் எழும்பி, அதே காசுக்குள் நல்ல ட்ரம் செற் ஒன்றைக் காட்டுகிறேன் என்றேன். சரி, கரோல் ஆராதனைக்கு முதல் நாளுக்குள் முழுச் செற்றும் தேவாலயத்துக்குள் வந்தால் ட்ரம், வராவிட்டால் ஓகன் என்று முடிவானது. ஓகன் வந்தால் எனக்கு அங்கே வேலை இல்லை. மூன்றாம் வாங்கில் அம்மாவுக்குப் பக்கத்தில் இருந்து பாட்டுப் புத்தகத்தைப் பிடிக்கவேண்டியதுதான்.

முதலில் நெல்லியடிக்குத்தான் ஸ்கூட்டியில் போனேன். கலியாண வீடுகளுக்கு அடித்துவந்த ஒருவர் இடுப்பு வலியால் தொழிலை விட்டுவிட்டுத் தன் செற்றை விற்கப்போவதாகக் கேள்வி. பார்வைக்கு அது கேவலம்தான். வெளிப்பூச்சு உரிந்து, ஆணிகள் துருப்பிடித்துக் கிடந்தது. ஆனால் ஒரு தட்டுத் தட்டினேன், நெஞ்சுக்குள் போய் நின்றது. சிம்பல், இருக்கிற ஸ்ரூல் எல்லாம் சேர்த்து அவர் சொன்ன விலை எங்கள் காசுக்குள் அடங்கியது, மிச்சமும் வந்தது. வரும் வழி முழுக்க ஸ்கூட்டியின் கைபிடியில் தாளம் போட்டுக்கொண்டு வந்தேன்.

குழுவில் சொன்னேன். பொருளாளர் மெல்லக் கனைத்தார்.

"ரீச்சர், பாவிச்ச சாமானிலை ஆரின்ரை பேரை எழுதுறது?"

நான் பெயரைப் பற்றி நினைக்கவே இல்லை. பெயர் எழுதாவிட்டால் என்ன என்று கேட்டேன். எல்லோரும் என்னை ஒருமாதிரிப் பார்த்தார்கள். பெயர் இல்லாமல் ஒரு சாமான் உள்ளே வந்தால் அது யாருடையது என்று நாளைக்குக் கேள்வி வருமாம். அடுத்தவன் கலியாண வீட்டில் அடித்துத் தேய்த்த ட்ரம்மில் பெற்ற தாயின் பெயரை எழுத யாருக்கு மனம் வரும். ஆக, புதிதுதான் வேண்டும்.

பொருளாளரையும் கூட்டிக்கொண்டு யாழ்ப்பாணம் போனேன். கடையில் பளபளவென்று சிவப்பு நிறத்தில் நாலு ட்ரம் கொண்ட செற் ஒன்று இருந்தது. அடித்துப் பார்க்கலாமா என்றேன். அடித்தால் பழசாகிவிடும் என்றார் கடைக்காரர். பொருளாளர் முன்னே வந்து ஒவ்வொரு ட்ரம்மையும் விரல் மடக்கித் தட்டி, காதை வைத்துக் கேட்டார், சந்தையில் பலாப்பழம் பார்ப்பதுபோல. பிறகு தலையாட்டினார். மட்டையில் எழுதியிருந்த விலை எங்கள் காசுக்குச் சரியாக இருந்தது. நான் அங்கிருந்தே போதகருக்கு அழைத்து, முடிந்தது என்று சொல்லிவிட்டேன். கணித ரீச்சர் செய்யக்கூடாத பிழை அது. விலைமட்டையின் மறுபக்கத்தை நான் பார்க்கவில்லை. அது ட்ரம்களுக்கு மட்டும். சிம்பல் வேறு, ஸ்ரூல் வேறு. சிம்பல் இல்லாத செற் உப்பில்லாத கறி. ஸ்ரூல் இல்லாவிட்டால் நின்றுகொண்டுதான் அடிக்கவேண்டும்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் பொருளாளர் சட்டைப் பையிலிருந்து ஓகன் படத்தை எடுத்து மடிப்பை நீவிக்கொண்டிருந்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்தக் கோபத்தில்தான் அந்த யோசனையும் வந்தது. உங்களுக்குப் பெயர்தானே வேண்டும், நாலு ட்ரம்மையும் நாலு குடும்பத்துக்குப் பிரித்துக் கொடுப்போம், ஒவ்வொருவரும் ஒன்றுக்குக் காசு தரட்டும் என்றேன். அவர் படத்தைப் பைக்குள் வைத்துவிட்டார்.

இரண்டே நாளில் நாலு ட்ரம்மும் போய்விட்டன. பெரிய ட்ரம்மின் முன்முகத்துக்கு மட்டும் மூன்று குடும்பங்கள் போட்டி. அங்கேதான் எழுத்தைப் பெரிதாக எழுதலாம். தோற்ற குடும்பம் ஒன்று நிலத்தில் நிற்கிற ட்ரம்மை எடுத்துக்கொண்டு, அதைக் கொஞ்சம் முன்னுக்குத் தள்ளி வைக்கவேண்டும் என்று நிபந்தனை போட்டது. கனடாவிலிருந்து ஒருவர், தகப்பனுக்காகத் தான் கொடுக்கும் ட்ரம்மின் சத்தம் நேரடி ஒளிபரப்பில் கேட்குமா என்று அழைத்துக் கேட்டார். ஒரு பாட்டில் அது எத்தனை தரம் அடிபடும் என்றும் கேட்டார். நான் ஏழு என்று வாய்க்கு வந்ததைச் சொல்லிவைத்தேன்.

இனிச் சபைக் காசில் சிம்பலும் ஸ்ரூலும் வாங்கலாம் என்று நான் கணக்குப் போட்டிருக்க, பொருளாளர் வேறு கணக்குப் போட்டிருந்தார். ஆட்கள் காசு தருகிறார்கள் என்றால் சபைக் காசு மிச்சம்தானே. அது கூரை ஒழுக்குக்குப் போய்விட்டது. சிம்பலுக்கும் ஸ்ரூலுக்கும் இன்னும் இரண்டு குடும்பங்களைப் பிடியுங்கோ ரீச்சர் என்றார்.

சிம்பலை ஒருவரும் தொடவில்லை. அது ஆடுகிற தட்டு, எழுதினாலும் ஒருவருக்கும் வாசிக்கவராது. சுழல்கிற மின்விசிறிக்குக் கொடுத்தவர்கள்தான் இப்படிச் சொன்னார்கள். நான் வாதாடவில்லை. பெயர் எழுத முடியாத சாமான் என்றால் அது பழசாக இருந்தாலும் ஒருவரும் கேட்கப்போவதில்லையே. திரும்ப நெல்லியடிக்குப் போய், அந்தக் கலியாண வீட்டு ட்ரம்காரரின் கறுத்துப் பச்சை பிடித்த சிம்பல்களைத் தாங்கிகளோடு என் கைக்காசில் வாங்கிவந்தேன். முழுச் செற்றிலும் உருப்படியான சத்தம் அதில் மட்டும்தான் வருகிறது. ஆனால் என் கையிலிருந்த காசு அதோடு முடிந்துவிட்டது. சம்பளம் வரக் கரோல் ஆராதனை முடிந்துவிடும்.

பெயர் எழுத ஊரில் ஒருவர்தான் இருக்கிறார். வாகன இலக்கத் தகடும் கடைப் பலகையும் எழுதுபவர். அவர் பெரிய ட்ரம்மில் எழுதியது அழகு. மடிக்கு நேரே வைத்து அடிக்கிற சின்ன ட்ரம்மில், நான் அடிக்கிற மேல் தோலிலேயே இனாமல் பூச்சால் எழுதிவிட்டார். மேலே எழுதினால்தானே தெரியும் என்றார். அன்றைக்குப் பயிற்சிக்கு அந்தச் சின்ன ட்ரம்மில் பெயர் உள்ள காலஞ்சென்ற அம்மையாரின் மூத்த மகனும் வந்திருந்தார். சடசடவென்று பேசவேண்டிய ட்ரம் பூச்சின் கனத்தில் டொப், டொப் என்றது. நான் ஒவ்வொரு தரமும் தாயின் பெயரில் போட, அவர் ஒவ்வொரு தரமும் தோளைக் குலுக்கினார். பாட்டு முடிந்ததும் கிட்ட வந்தார்.

"அம்மாவுக்குக் கொஞ்சம் மெதுவா அடியுங்கோ ரீச்சர். அவ சாந்தமான மனுசி."

சிரிப்பை அடக்கமுடியாமல் குனிந்து சப்பாத்துக் கட்டினேன். நான் போட்டிருந்தது செருப்பு. கடைசியில் அவரே புதுத் தோல் வாங்கித் தந்தார், பெயரை ட்ரம்மின் பக்கவாட்டில் எழுதுவித்தோம்.

மிஞ்சியது ஸ்ரூல். ஒரு கிழமை வீடு வீடாக ஏறினேன். பலகாரம் தந்தார்கள், தேநீர் தந்தார்கள், ஸ்ரூல் என்றதும் முகம் மாறியது. காலஞ்சென்ற ஒருவரின் பெயருக்கு மேல் நான் குந்தி இருப்பதா. ஒரு வீட்டில் கதவுவரை வந்து, "அப்பா உங்களுக்கு என்ன குறை விட்டவர் ரீச்சர்?" என்றே கேட்டுவிட்டார்கள். வீட்டிலிருந்து கதிரை ஒன்றைக் கொண்டுபோகிறேன் என்று பொருளாளரிடம் சொல்லிப்பார்த்தேன். செற் குறைந்தால் பிரதிஷ்டை செய்ய முடியாது, குழு முழுச் செற் என்றுதான் தீர்மானம் எழுதியிருக்கிறது என்றார். நாலு ட்ரம்மும் சிம்பலும் வந்து நிற்க, ஒரு ஸ்ரூலுக்காக ஓகன் வரப்போகிறது. வீட்டுக்கு வந்து, பகலில் படுக்காத நான் போய்ப் படுத்துவிட்டேன். கைக்குள் ஏதோ காலியாக இருப்பதுபோல் இருந்தது. இருபது வருடமாக ஞாயிற்றுக்கிழமைக்காகத்தான் நான் திங்கட்கிழமைகளைத் தாண்டிவந்திருக்கிறேன் என்பது அப்போதுதான் எனக்கே தெரிந்தது.

அம்மா அறை வாசலில் வந்து நின்றார். அந்த ஸ்ரூல் என்ன விலை என்று கேட்டார். சொன்னேன். அநியாய விலை என்று திட்டினார். பிறகு அலுமாரியைத் திறக்கும் சத்தம் கேட்டது. காசைக் கட்டிலில் வைத்துவிட்டு, தன் பெயரை எழுதச்சொன்னார். உங்கள் பெயருக்கு மேல் நான் எப்படி இருப்பது என்றேன்.

"என்ரை மடியிலை இருந்துதானே வளந்தனி. பேரிலை இருந்தால் என்ன குறைஞ்சு போகப்போறன்."

ஸ்ரூல் வாங்கியாயிற்று. கரோல் ஆராதனைக்கு முதல் நாள் பின்னேரம் பெயர் எழுதுகிறவர் அதைத் தேவாலயத்துக்குக் கொண்டுவந்தார். பொருளாளர் சாமான்களை ஒவ்வொன்றாக எண்ணி, செற் முழுது என்று போதகரிடம் சொல்லிவிட்டார். நாளைக்குப் பிரதிஷ்டை. எனக்கு நிலத்தில் கால் நிற்கவில்லை. பூ அடுக்க அம்மாவும் வந்திருந்தார். அப்போதுதான் ஸ்ரூலைத் திருப்பிப் பார்த்தேன். கறுத்த இருக்கையில் வெள்ளைப் பூச்சில் அம்மாவின் பெயர் அழகாக இருந்தது. அதன் கீழே, மற்ற எல்லாச் சாமான்களிலும் போலவே, 'அவர்களின் ஞாபகார்த்தமாக'.

எழுதுகிறவருக்கு என்னிடமிருந்து கிடைத்த ஏச்சுகளைத் தேவாலயத்துக்குள் சொல்லியிருக்கக்கூடாது. கிழமை முழுக்க அதையே எழுதி எழுதிக் கை பழகிவிட்டது ரீச்சர், ஆள் உயிரோடை இருக்கிறா எண்டு ஒருத்தரும் எனக்குச் சொல்லேல்லை என்றார். இப்போதே அழிக்கச்சொல்லிக் கத்தினேன். சத்தம் கேட்டு அம்மா வந்துவிட்டார். மறைக்க நேரம் இல்லை. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்து, முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்துவரை வாசித்தார். எழுதுகிறவர் தலையைச் சொறிந்துகொண்டு நின்றார்.

"விடு பிள்ளை. இப்ப அழிக்கவும் காசு, பிறகு எழுதவும் காசு. எப்பவோ ஒருநாள் எழுதத்தானே வேணும்."

கிழமை முழுக்க மற்றவர்களின் பெயர்களைப் பார்த்துச் சிரித்தவள் நான். இதற்குச் சிரிப்பு வரவில்லை. எல்லோருக்கும் முன்னால் அழுதுவிட்டேன். அம்மா அதைக் கவனிக்காதவர்போல், தன் பெயரின் மேல் உள்ளங்கையை வைத்து ஒரு தரம் அழுத்திப் பார்த்தார்.

"நல்ல மெத்தெண்டு இருக்கு. இரு," என்றார்.

இருந்தேன்.