கொடுவா வெட்டாத கண்ணகை

வாழைச்சேனை மீன் சந்தையில் கண்ணகையின் கைவேகத்தை அறியாதவர்கள் இல்லை. என் அண்ணன் கதிர்காமத்தம்பியின் மனைவி, எனக்கு மச்சாள். அவள் மீன் வெட்டுகிற பலகைக்குப் பக்கத்தில்தான் நான் மரக்கறி விற்கிறேன். சூரையோ பாரையோ திரளியோ, எதைக் கொண்டுபோய் வைத்தாலும் செதிள் தட்டி, குடல் எடுத்து, கேட்ட அளவில் துண்டு போட்டுத் தருவாள். கத்தி பலகையில் விழுகிற சத்தத்தை வைத்தே அன்றைக்கு அவள் மனம் எப்படி என்று என்னால் சொல்ல முடியும். ஆனால் கொடுவா மீனை மட்டும் தொடமாட்டாள். யாராவது கொடுவாவோடு வந்தால், "அங்கால போங்க, நான் இத வெட்டுறல்ல" என்று அடுத்த பலகையைக் காட்டுவாள். புதிதாக வருகிறவர்கள் ஏதோ நேர்த்திக்கடன் என்று நினைத்துக்கொண்டு போவார்கள்.

நேர்த்தியுமில்லை, மண்ணாங்கட்டியுமில்லை. எல்லாம் ஒரு சூரிய கிரகணத்தால் வந்த வினை.

தொண்ணூற்றைந்தாம் ஆண்டு ஐப்பசியில் ஒரு காலை. மச்சாள் அப்போது பிள்ளைத்தாய்ச்சி, வயிறு இன்னும் வெளியே தெரியாத காலம். அண்ணன் வாவியில் பிடித்து வந்த கொடுவாவை வாங்கிய ஒருவர், அதை வெட்டித் தரச் சொன்னார். வெயில் மங்கியதை மச்சாள் மழை இருட்டு என்று நினைத்தாள். சண்டைக்கும் சுற்றிவளைப்புக்கும் பயந்து கிடந்த நாட்களில் யார் பஞ்சாங்கம் பார்த்தார்கள்? மீனின் தலையை நிமிர்த்தி வைத்து இரண்டாகப் பிளந்து கொடுத்தாள். அடுத்த சித்திரையில் பிரஷாந்தி பிறந்தாள். மேலுதடு மூக்கு வரைக்கும் பிளந்திருந்தது.

அந்தக் கதையை முதலில் கட்டிவிட்டது என்னைப் பெற்ற அம்மாதான். செத்துப்போன மனுசியைக் குறை சொல்லக்கூடாது, ஆனால் அவவுடைய வாய் அப்படி. "கிரகண நேரத்தில மீன்ட தலையப் பிளந்தாள், புள்ளைட உதடும் பிளந்து போச்சி" என்றா. ஒரு கிழமைக்குள் அது வீடு வீடாகப் போய்விட்டது. அண்ணன் ஒருநாள் பொறுக்கமாட்டாமல், "மீன் வெட்டினா உதடு பிளக்கும் எண்டா வாழைச்சேனையில ஒருத்தருக்கும் உதடு இரிக்காது" என்றான். வீட்டிலிருந்த எல்லோரும் சிரித்தோம். மச்சாள் சிரிக்கவில்லை.

அவள் பிள்ளையை வளர்த்த விதத்தை நான் கண்ணால் பார்த்தவள். உறிஞ்சத் தெரியாத பிள்ளைக்குப் பாலைப் பீய்ச்சி, சின்னக் கரண்டியால் துளித்துளியாக ஊட்டுவாள். பாதி மூக்கால் வந்துவிடும். துடைத்துவிட்டு மறுபடியும் ஊட்டுவாள். பெரியாஸ்பத்திரியில் உதட்டைத் தைத்தார்கள், பிறகு அண்ணத்தையும் தைத்தார்கள். பேச்சு வந்தது. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் பகிடி பண்ணினார்கள், பிரஷாந்தி திருப்பிப் பகிடி பண்ணினாள். இப்போது அவள் முன்பள்ளி டீச்சர். வாயைத் திறந்து அவள் சிரித்தால் சந்தியில் நிற்கிறவனுக்கும் கேட்கும். உதட்டில் மெல்லிய தழும்பு ஒன்று இருக்கிறது, அவ்வளவுதான். தழும்பை அவள் மறந்துவிட்டாள். தாய்க்காரிதான் மறக்கவில்லை.

பிரஷாந்தி சித்தாண்டிப் பையன் மதுஷனைக் கலியாணம் முடித்தாள். எங்கள் வழக்கப்படி வீடு பெண்ணுக்கு, ஆகவே மாப்பிள்ளை வந்து மச்சாள் வீட்டில் குடியிருக்கிறார். போன வருடம் அவளுக்கு மாதம் தள்ளிப்போனது. கிளினிக்கில் உறுதிப்படுத்திய அதே கிழமை, ஆவணிப் பூரணையன்று சந்திர கிரகணம் என்று றேடியோவில் சொன்னார்கள்.

கண்ணகை அன்றைக்கு நடந்துகொண்டதை நினைத்தால் இப்போதும் எனக்குச் சிரிப்புத்தான். வீட்டிலிருந்த கத்தி, கத்தரிக்கோல், ஊசி, தேங்காய் துருவுகிற திருவலை, நகவெட்டி, மாப்பிள்ளை சவரம் செய்கிற பிளேட், எல்லாவற்றையும் ஒரு சாக்கில் கட்டி என் வீட்டில் கொண்டுவந்து போட்டாள். பிரஷாந்தியைப் பொழுதுபடவே அறைக்குள் விட்டு, யன்னலுக்குப் போர்வை கட்டினாள். வெற்றிலை கிள்ளக்கூட விடவில்லை. வெங்காயம் அரியக் கத்தியில்லாமல் மாப்பிள்ளை கடையில் புட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

"மாமி, பேப்பர் கிழிக்கலாமா எண்டு அம்மாட்டக் கேட்டுச் சொல்லுங்க" என்று பிரஷாந்தி அறைக்குள்ளிருந்து என்னைக் கூப்பிட்டாள்.

"வாய வெச்சிட்டுச் சும்மா கிட புள்ள" என்று மச்சாள் அதட்டினாள். அவள் குரல் நடுங்கியதைக் கேட்டபிறகு நான் சிரிக்கவில்லை.

ஆறு மாதம் ஆனபோது, தாய்க்கு உதட்டுப் பிளவு இருந்தபடியால் பிள்ளையின் முகத்தையும் வடிவாகப் பார்த்துவிடுவோம் என்று கிளினிக் டொக்டர் முப்பரிமாண ஸ்கேன் எழுதிக் கொடுத்தார். ஊரில் அதைத் திறீ டீ ஸ்கேன் என்பார்கள். மட்டக்களப்பு டவுனில் ஒரு தனியார் நிலையத்தில் எடுக்க வேண்டும். மாப்பிள்ளைக்கு வயல் வட்டையில் வேளாண்மை வெட்டு, ஆகவே மச்சாளோடு நானும் கூடப் போனேன்.

சித்தாண்டியில் பஸ் நின்றபோது மச்சாள் முருகன் கோயில் பக்கம் திரும்பிக் கும்பிட்டாள். பிரஷாந்தி முன் சீற்றில் இருந்தாள். மச்சாள் என் காதுக்குள் சொன்னாள்.

"அஜந்தா, இந்த முற ஒரு கத்தியும் படல்ல. புள்ள நல்லா இரிக்கும். நல்லா இருந்தா, அண்டைக்கு என்ட கையாலதான் வந்தது எண்டு முடிவாகிரும்."

"என்ன விசர்க் கத கதைக்கிறாய்?"

"ஆகட்டும் கா. நான் பாவியாவே இருந்திட்டுப் போறன். புள்ளைட உதடு ஒட்டி இருந்தாப் போதும்."

எனக்குக் கோபம் கோபமாக வந்தது. செத்துப்போன என் அம்மா மேல்தான் கோபம்.

ஸ்கேன் அறையில் றுமானா என்ற ஏறாவூர்ப் பிள்ளை பிரஷாந்தியைக் கட்டிலில் படுக்கவைத்து, வயிற்றில் குளிர்ந்த களிம்பைப் பூசினாள். டொக்டரம்மா கருவியை வைத்து மெல்ல நகர்த்தினார். முதலில் வழக்கமான சாம்பல் நிறப் படம்தான் வந்தது. பிறகு டொக்டர் ஏதோ ஒரு பொத்தானை அமர்த்த, அந்தச் சாம்பலுக்குள்ளிருந்து ஒரு தலை எழும்பி வந்தது. தேன் நிறம். நெற்றியும் காதும் கொழுக்கட்டை மாவில் பிடித்து வைத்ததுபோல் அப்படியே திரண்டு நின்றன. முகத்தைத்தான் காணவில்லை. பிள்ளை கையை மூஞ்சிக்குக் குறுக்கே வைத்துக்கொண்டு படுத்திருந்தது.

"கையை எடுத்தால்தான் உதடு தெரியும். வெளியில கொஞ்சம் நடந்து, குளிரா ஏதும் குடிச்சிட்டு வாங்க" என்றார் டொக்டர்.

வாவிக் கரையோரம் பிரஷாந்தி குளிர்ந்த பால் பாக்கெட்டை உறிஞ்சிக்கொண்டு நடந்தாள். முன்பள்ளியில் கதைக்கிற அதே குரலில் வயிற்றைப் பார்த்து, "கையக் கீழ வைங்க பாப்பம். டீச்சருக்கு முகம் காட்டுங்க. நல்ல பிள்ளைதானே?" என்றாள். மச்சாள் பின்னால் வந்தாள். வாவியில் தோணிகள் போவதைக்கூட அவள் பார்க்கவில்லை.

முதல்தரம் வெளியிலேயே இருந்துவிட்ட மச்சாள், திரும்பப் போனபோது அறைக்குள் வந்தாள், ஆனால் சுவரைப் பார்த்து நின்றுகொண்டாள். பிறக்க முன்னம் முகம் பார்க்கக்கூடாது என்றாள். பயத்துக்கு ஒரு சாட்டு வேண்டுமல்லவா?

பிள்ளை டீச்சர் சொல் கேட்டிருந்தது. கை இறங்கிவிட்டது. டொக்டர் முகத்தை அப்படித் திருப்பினார், இப்படித் திருப்பினார். நெடுநேரம் பார்த்தார். நானும் பார்த்தேன். மேலுதட்டில் மூக்குக்குக் கீழே ஒரு பிளவு தெரிந்தது.

"இரிக்கா டொக்டர்?" என்று பிரஷாந்தி கேட்டாள்.

"ஓம் மகள், உதட்டில இருக்கு. அண்ணத்தில இருக்கிற மாதிரித் தெரியேல்ல, அதைப் பிறந்த பிறகு பார்த்துத்தான் நிச்சயமாச் சொல்லலாம். சில மாசத்தில தைச்சுப்போடலாம். பால் குடுக்கிற முறையை இப்பவே பழக்கிவிடுவம்."

பிரஷாந்தி திரையைப் பார்த்தாள். தன் தழும்பை விரலால் ஒருதரம் தொட்டாள். "சரி. எனக்குத் தெரிஞ்ச பாதைதானே" என்றாள். அவள் கண் கலங்கியிருந்தது, குரல் கலங்கவில்லை.

சுவர்ப் பக்கமிருந்து மச்சாள் பேசினாள். "இல்ல டொக்டர். இரிக்கேலாது. வடிவாப் பாருங்க. நான் கத்தி ஒண்டும் வீட்டில வைக்கல்ல. புள்ள வெத்திலையும் கிள்ளல்ல."

டொக்டருக்கு ஒன்றும் விளங்கவில்லை. நான்தான் சொன்னேன். கிரகணத்தையும் கொடுவாவையும் என் அம்மாவின் வாயையும் ஒன்றுவிடாமல் சொன்னேன். டொக்டர் கருவியைக் கீழே வைத்தார்.

"அம்மா, வயிற்றுக்குள்ள பிள்ளைட உதடு ரெண்டு பக்கத்தால வந்து நடுவில ஒட்டுறது. சில பிள்ளையளுக்கு ஒட்டாது. சில குடும்பங்களில திரும்பவும் வரும். நீங்க மீன் வெட்டினதுக்கும் இதுக்கும் ஒரு தொடுசலும் இல்ல."

மச்சாள் அசையவில்லை. டொக்டர்கள் முன்பும் இதைச் சொல்லியிருக்கிறார்கள், அவள் நம்பியதில்லை. பிரஷாந்தி படுத்தபடியே கையை நீட்டித் தாயின் சேலையைப் பிடித்தாள்.

"அம்மா, இஞ்ச பாருங்க. நான் ஊசியக்கூடத் தொடல்ல. நீங்க தொட விடல்ல. அப்பிடியிருந்தும் வந்திரிக்கி. அப்ப என்னையும் நீங்க வெட்டல்லம்மா."

மச்சாள் மெதுவாகத் திரும்பினாள். திரையிலிருந்த முகத்தைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு, "உன்ட மூக்கு" என்றாள். "அப்பிடியே உன்ட மூக்கு மகள்." அதற்குமேல் அவளால் முடியவில்லை, மகளின் காலடியில் முகத்தை வைத்து அழுதாள். களிம்பு துடைக்கிற கடுதாசியை றுமானாவிடம் வாங்கி நானும் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

வரும்போது பஸ்ஸில் மச்சாள் அந்தப் படத்தை மடியில் வைத்திருந்தாள். என் பக்கம் சாய்ந்து கேட்டாள்.

"புள்ளைக்கு இப்பிடி எண்டு சொன்ன பிறகும் எனக்கு நெஞ்சு லேசாக் கிடக்கு. நான் என்ன மனிசி கா?"

"முப்பது வருசமாத் தூக்கித் திரிஞ்சத இறக்கி வெச்சா லேசாத்தான் இரிக்கும். பேசாம வா" என்றேன். அவள் என் தோளில் தலையை வைத்து நித்திரையாகிவிட்டாள். சித்தாண்டியில் கும்பிடவும் எழும்பவில்லை.

அடுத்த ஞாயிறு சந்தை நல்ல கூட்டம். ஓட்டமாவடி அப்துல் மஜீத் காக்கா, எப்போதும் மச்சாளிடமே மீன் வெட்டுவிக்கிறவர், அன்றைக்கு ஒரு பெரிய கொடுவாவோடு வந்தார். அவருக்குத்தான் விசயம் தெரியுமே, நேரே அடுத்த பலகைக்குப் போனார்.

"காக்கா, அத இஞ்ச தாங்க" என்றாள் மச்சாள்.

"நீங்க கொடுவா வெட்டுறல்லயே தங்கச்சி?"

"இப்ப வெட்டுவன்."

அவர் என்னைப் பார்த்தார். நான் கத்தரிக்காயை அடுக்குகிற மாதிரிக் குனிந்துகொண்டேன். மச்சாள் செதிள் தட்டினாள், குடல் எடுத்தாள், துண்டு போட்டாள். கத்தி பலகையில் விழுகிற சத்தம் ஒரே சீராகக் கேட்டது. கடைசியில் தலையைக் கையிலெடுத்து, எல்லோரிடமும் எல்லா மீனுக்கும் கேட்கிற அதே குரலில் கேட்டாள்.

"தலைய முழுசா வைக்கவா காக்கா, ரெண்டாப் பிளக்கவா?"

"ரெண்டாக்கித் தாங்க" என்றார் அவர்.

மச்சாள் தலையைப் பலகையில் நிமிர்த்தி வைத்தாள். கத்தியை ஓங்கி ஒரே வெட்டு வெட்டினாள்.